பத்தேகால் தாண்டட்டும்

அத்தியாயம் 14

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. அடுப்பில் பால் கிடந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். கதையில் லயித்துப் பாலைப் பொங்கவிட்டேன் என்று போன வாரம் ஒரு தங்கச்சி கடிதம் போட்டிருந்தாள். முட்டி வலிக்கிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு காரின் கதை சொல்லப் போகிறேன். ஒரு மணி நேரத்தைக் காட்டி ஒரு பொம்பளையை எப்படி நெருக்கினார்கள், அந்த ஒரு மணி நேரத்தை அவள் என்ன செய்தாள் என்பதுதான் கதை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் 'தங்கத்தாய் ஆஃப்செட்' என்று ஒரு சின்ன அச்சகம். தினசரி காலண்டர் அடிக்கிறவர்கள். முதலாளி காசிராஜன், போன மார்கழியில் தூத்துக்குடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாத்தூருக்குப் பக்கத்தில் நாலுவழிச் சாலை ஓரமாகக் காரை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்தவர், நிமிரவே இல்லை.

அன்றிலிருந்து அவர் மனைவி சொர்ணலட்சுமிக்கும், அவர் தம்பி சண்முகவேலுக்கும் நடக்கிற சண்டையைத்தான் வாராவாரம் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

காலண்டர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்து மாதிரிப் படங்களையெல்லாம் ஆல்பமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்துப் பூசை போட்டு, மறுநாளே ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இந்த அச்சகத்தில் பூசைக்கு ஒரே ஒரு ஆல்பம்தான் தயாராகும். மற்றவை கட்டிங், பைண்டிங் முடிந்து வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளுக்குள் முதல் ஆல்பத்தோடு யார் போய் நிற்கிறார்களோ, அவர் முகத்துக்குத்தான் பழைய வாடிக்கைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். அந்த வருஷம் அவர்தான் முதலாளி. பத்திரத்தில் யார் பேர் இருந்தால் என்ன?

அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு தானே போகத்தான், நாற்பத்தெட்டு வயதில் சொர்ணலட்சுமி கார் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கினாள். புதுக் காருக்கு எட்டே முக்கால் லட்சம் ஒதுக்கினாள். போன வாரம் அச்சகத்தில் அத்தனை பேர் முன்னால் சண்முகவேல் ஒரு கொக்கியைப் போட்டான்.

"எட்டே முக்காலுக்குமேல ஒத்த ரூபா ஏறுனாலும், ஒங்களுக்கு யாவாரம் தெரியலன்னு அர்த்தம் மதினி. ஆல்பத்தை எங்கிட்டக் குடுத்துரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டாள் நம் ஆள். அதோடு போன வாரம் தாள் தீர்ந்துபோனது.

இனி இன்றைக்கு.

*

ஆடிப் பதினெட்டு. திங்கட்கிழமை. விடியுமுன்னே அச்சகத்தில் பூசை முடிந்து, ஆல்பம் பத்திரகாளி படத்தடியில் குங்குமப் பொட்டோடு இருந்தது.

விருதுநகர் ஷோரூமில் கூட்டமான கூட்டம். ஆடி பிறந்ததிலிருந்து ஒருவரும் வண்டி எடுக்காமல் இருந்து, அந்த ஒரு நாளில் வந்து விழுந்திருந்தார்கள். பட்டுத்துணி போர்த்திய கார்கள் ஏழு, வரிசையாக நின்றன. வாசலில் ஒரு கூடை நிறைய எலுமிச்சம்பழம்.

சண்முகவேலின் காரில்தான் அவனும், சொர்ணலட்சுமியும், மகள் பிரீத்திகாவும் வந்தார்கள்.  இறங்கும்போது அவன் சொன்னான்.

"நல்ல நேரம் ஒம்பதே காலிலேருந்து பத்தேகால்தான், தெரியும்ல? உள்ள வந்து அத இத நோண்டிக்கிட்டு நிக்காதீக."

விற்பனை மேலாளர் அருள்பாண்டி ஓடி வந்தான். நெற்றியில் சந்தனம், கழுத்தில் டை.

"வாங்கக்கா, வாங்க அண்ணாச்சி! பாப்பா, இங்கன உக்காரும்மா. காப்பி சொல்லுங்கப்பா!"

காப்பி வந்தது. காரின் அளவுக்கு ஒரு அட்டைச் சாவியும், வெட்டுவதற்கு ஒரு கேக்கும் வந்தன. பில் மட்டும் வரவில்லை. ஒன்பதரைக்குக் கேட்டாள், "ரெடியாயிட்டிருக்குக்கா" என்றான். இன்னொரு காப்பி வந்தது. பிரீத்திகா காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது ஐம்பதுக்குப் பில் வந்தது, மூடி கழற்றிய பேனாவோடு.

"இங்கன ஒரு கையெழுத்துக்கா. இங்கன ஒண்ணு. சட்டுனு போட்டீகன்னா தேங்காயை ஒடச்சிரலாம்."

சொர்ணலட்சுமி பேனாவைத் தொடவில்லை. பைக்குள்ளிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். போன வாரம் இதே அருள்பாண்டி கொடுத்த விலைத்தாள். அதை இடது பக்கம் வைத்தாள், பில்லை வலது பக்கம் வைத்தாள். அப்புறம் தன் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

அவளுக்கு வேறு விதமாக வாசிக்கத் தெரியாது, என் கண்ணுகளா. இருபத்திரண்டு வருஷமாக அந்த அச்சகத்தில் காலண்டர்த் தாளுக்குப் புரூஃப் பார்க்கிறவள். முந்நூற்று அறுபத்தைந்து தாள், தாளுக்குப் பத்து வரி. ராகு காலம் ஒரு தாளில் மாறி விழுந்தாலும் ஊரே சட்டையைப் பிடிக்கும். இடது கை விரல் மூலப் பிரதியின்மேல் நகரும், வலது கைப் பேனா புரூஃபின்மேல் நகரும். இங்கேயும் அப்படித்தான் நகர்ந்தது.

நான்கு இடத்தில் பேனா நின்றது. நான்கு சிவப்பு வட்டம்.

"அருள்பாண்டி, இந்தத் தாள்ல எட்டு லட்சத்து எழுவத்தி நாலாயிரம்னு குடுத்தீக. இதுல ஒம்பது லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறுன்னு இருக்கு. நடுவுல முளைச்சது என்ன?"

"அதுவாக்கா?" அவன் சிரித்தான். "வண்டிக்கு ரொம்ப அத்தியாவசியமானது. நாலாவது, அஞ்சாவது வருஷத்துக்கு வாரண்டி, இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். துருப் பிடிக்காம அடிப்பக்கம் கோட்டிங்கு, பதினாலாயிரத்து ஐநூறு. சீட் கவர், மேட்டு, ஸ்டியரிங் உறை, சென்ட் பாட்டிலு எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜு, இருபத்தி நாலாயிரம். அப்புறம் ஹேண்ட்லிங் நாலாயிரம்."

"நான் கேட்டனா?"

"எல்லாரும் போடுததுதான்க்கா."

"நான் கேட்டனான்னு கேக்கேன்."

சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்த சண்முகவேல் காப்பியை உறிஞ்சினான். "பாத்தியாப்பா அருள்பாண்டி? நான் சொல்லல? கத்தரிக்கா பேரம் ஆரம்பிச்சிருச்சு."

பிரீத்திகா ஓடி வந்தாள். "அம்மா, என்னம்மா இது? அங்க ரெண்டு குடும்பம் நம்மளையே பாக்குது. போட்டுட்டு வாம்மா, அசிங்கமா இருக்கு."

"ஒனக்கு அசிங்கமா இருந்தா அங்கிட்டுப் போய் நில்லு" என்றாள் சொர்ணலட்சுமி, பில்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இந்த நாலும் வேண்டாம். அடிச்சிட்டு வேற பில்லு கொண்டா."

அருள்பாண்டியின் சிரிப்பு ஒரு சுற்றுச் சுருங்கியது.

"முடியாதுக்கா. கோட்டிங்கெல்லாம் நேத்தே அடிச்சாச்சு. அடிச்சதைச் சுரண்டவா முடியும்?"

"அடிச்சாச்சா?"

"நேத்தே."

அவள் எழுந்தாள். நேராகப் போய்ப் பட்டுத்துணியைத் தூக்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பளபளவென்ற தரையில் முழங்காலை ஊன்றினாள். சக்கரத்துக்கு மேலே, உட்பக்கம் கையை விட்டுத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"மதினி! எந்திரிங்க! மானத்தை வாங்காதீக!"

வார்னிஷ் ஓட்டிய அட்டையையும் ஓட்டாத அட்டையையும் இருட்டில்கூடப் பிரித்துச் சொல்கிற விரல் அது. மூன்று இடத்தில் தடவிவிட்டு வெளியே எடுத்தாள். ஐந்து விரலையும் அருள்பாண்டியின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"நேத்து அடிச்ச கோட்டிங்கு எங்கய்யா? வெறுந்தகரமும் தூசியும்தான் இருக்கு. பிசுக்கு இல்ல, வாடை இல்ல. யாரு வண்டிக்கு அடிச்சீக?"

பக்கத்துக் காருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டுப் பெரியவர் மாலையை மகன் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தன் காரின் அடியில் கையை விட்டார்.

அருள்பாண்டி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, உள்ள வாங்க. உக்காந்து பேசுவோம். வண்டி மாறிருச்சு போல. கோட்டிங்கை எடுத்துருதேன். ஆனா வாரண்டியை மட்டும் வேண்டாம்னு சொல்லாதீக. நாளைக்கு இஞ்சின் போச்சுன்னா லட்ச ரூவா. இன்னைக்கு வாங்கலன்னா அப்புறம் எப்பவும் வாங்க முடியாது. இன்னொண்ணு, இதை வேண்டாம்னு சொன்ன வண்டிக்குக் கம்பெனி குடுக்குத வாரண்டியே நிக்காது."

"கம்பெனி வாரண்டி எத்தனை வருஷம்?"

"மூணு வருஷம்க்கா."

"அது காருவெலையிலேயே சேத்தி. இல்லையா?"

"சேத்திதான். ஆனா..."

மேசை விளிம்பில் கிடந்த வாரண்டிப் புத்தகத்தை அவள் இழுத்தாள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம், எறும்பு ஊர்கிற அளவு எழுத்து. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தாள். பொடி எழுத்துக்கு அவளுக்குக் கண்ணாடி வேண்டாம்.

"மூணு வருஷம் முடியறதுக்கு முந்தி எப்ப வேணா வாங்கிக்கிடலாம்னு போட்டிருக்கு. பிரேக் கட்டை, கிளட்சு, பேட்டரி, டயரு, இது எதுவும் இதுல சேராதுன்னும் போட்டிருக்கு. சரி, நீங்க சொல்லுததை நம்புதேன். இந்தாங்க பேனா. 'இன்று வாங்காவிட்டால் கம்பெனி வாரண்டி செல்லாது'ன்னு இந்தப் பில்லுலேயே எழுதி, ஒங்க சீலைப் போட்டுக் குடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

சிவப்புப் பேனா அவன் முன்னால் கிடந்தது. அவன் அதைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"எழுதுங்க தம்பி."

"அதெல்லாம் எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லக்கா."

"வாயால சொல்ல மட்டும் அதிகாரம் இருக்கோ?"

மணி பத்து ஐந்து.

அருள்பாண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் சண்முகவேலைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சொர்ணலட்சுமி பார்த்துவிட்டாள்.

"அக்கா, நான் சண்டை போடல. பத்தே நிமிசம்தான் இருக்கு. பத்தரைக்கு யமகண்டம். புது பில்லு போடணும்னா சிஸ்டம்ல கேன்சல் பண்ணி மறுபடி ஏத்த ஒரு மணி நேரமாவது ஆகும். ஒங்க இஷ்டம். யமகண்டத்துல எடுத்தாலும் எடுத்துக்கிடுங்க."

சண்முகவேல் எழுந்து வந்தான். குரலில் திடீரென்று ஒரு பாசம்.

"மதினி, எதுக்கு மனசைப் போட்டுக் கொழப்பிக்கிடுதீக? அந்த அறுவத்தி நாலாயிரத்தை நான் போடுதேன். என் அண்ணன் வீட்டுக் காரு. நீங்க கையெழுத்தைப் போடுங்க, சாவியை வாங்குங்க. ஆல்பத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கிடலாம்."

"அப்புறம் என்ன பேசணும்? எட்டே முக்காலுக்குமேல போனா ஆல்பம் ஒங்களுக்கு. நீங்க போட்டாலும் நான் போட்டாலும் பில்லு ஒம்பது முப்பத்தெட்டுதான? வெவரமாத்தான் கணக்குப் போட்டு வந்திருக்கீக."

அவன் முகத்திலிருந்து பாசம் கழன்று விழுந்தது.

"ஆமா, வெவரம்தான். ஒங்களுக்கு இருக்க திமிருக்கு வெவரமாத்தான் இருக்கணும். அன்னைக்கும் இப்படித்தான், போன காரை நேரங்கெட்ட நேரத்துல எடுக்க வச்சீக. யமகண்டத்துல எடுத்த வண்டி. அந்த வண்டியிலதான என் அண்ணன் பொணமா இருந்தான்? இப்ப மறுபடியும் யமகண்டத்துல எடுங்க. அடுத்து யாரு? ஒங்க மகளா?"

ஷோரூமில் பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அருள்பாண்டி பில்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

இதை உங்களுக்கு விளக்கிவிட வேண்டும், கண்ணுகளா. காசிராஜன் செத்தபோது பழைய காரை எடுத்துப் பன்னிரண்டு வருஷம். எடுக்கிற அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளை பிரீத்திகாவுக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டு வருவதற்குள் நேரம் தாண்டிவிட்டது. அந்தக் கார் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அத்தனை வருஷமும் அந்த யமகண்டம் யாருக்கும் நினைவில் இல்லை. காசிராஜன் செத்த மூன்றாம் நாள், பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது சண்முகவேலுக்கு நினைவு வந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வாயிலெல்லாம் அதுதான். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பிரீத்திகா கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

"சித்தப்பா."

"நீ சும்மா இரு பாப்பா."

"அன்னைக்குக் காச்சல் எனக்குத்தான். நேரம் தப்புனது என்னால. அம்மாவைச் சொல்லாதீக. சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க. என்னால எங்கப்பா செத்தாகன்னு இந்தக் கூட்டத்துல சத்தமாச் சொல்லுங்க, பாப்போம்."

அவன் சோபாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

பிரீத்திகா அம்மாவின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பில்லைப் புரட்டினாள். 

"மேனேஜர் சார், எங்க ஊர்ப் பட்டாசுக் கடையில கிஃப்ட் பாக்ஸ் பாத்திருக்கீகளா? ரெண்டு நல்ல வெடிக்குக் கீழ, விக்காத சாட்டையையும் நமத்த கம்பி மத்தாப்பையும் வச்சு ஒட்டி விப்பாக. வெளியூர்க்காரன் வாங்குவான். சிவகாசிக்காரன் வாங்க மாட்டான் சார். நீங்க ஊர் தெரியாம கட்டிட்டீக இந்தப் பாக்ஸை."

மணி பத்துப் பத்து.

"அக்கா, அஞ்சு நிமிசம்."

சொர்ணலட்சுமி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கையைக் கட்டிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

மற்ற கார்களுக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஒவ்வொரு வண்டியாக வாசலைத் தாண்டியது. அவளுடைய வண்டி மட்டும் துணி கலைந்து நின்றது. நெற்றியில் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. பயம் இல்லாமலும் இல்லை. எட்டு மாதமாகத் தூக்கத்தில்கூட 'யமகண்டம்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவள். 

பத்துப் பதினான்கு. அருள்பாண்டி பேனாவை எடுத்து அவள் கைப்பக்கம் நகர்த்தினான்.

"பத்தேகால் தாண்டட்டும்" என்றாள்.

தாண்டியது.

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது, பாட்டு ஓடியது. அருள்பாண்டியின் கையில் இருந்த ஒரே ஆயுதம் மட்டும் இல்லாமல் போயிருந்தது. அது அவனுக்கே அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது.

சொர்ணலட்சுமி எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரண்டை போனாள். அங்கே ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. தாளின் அடி ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். கடுகு எழுத்தில், தங்கத்தாய் ஆஃப்செட், சிவகாசி.

"இது நாங்க அடிச்சது. இந்தாங்க, இன்னைக்குத் தாளு. நல்ல நேரம் காலை ஒம்பதே கால் டு பத்தேகால். அதுக்குக் கீழ இருக்க வரியை வாசிங்க அருள்பாண்டி."

அவன் வாசிக்கவில்லை. பிரீத்திகா வாசித்தாள். "மாலை நாலே முக்காலிலேருந்து அஞ்சே முக்கால்."

"அந்த வரி புரூஃபுல விட்டுப் போயிருந்துச்சு. போன புரட்டாசியில நான்தான் சேத்தேன். பிரீத்தி அப்பா எதிருல உக்காந்து அட்டை எண்ணிக்கிட்டு இருந்தாக. 'விட்டுத் தொலை சொர்ணம், ஆடிப் பதினெட்டுச் சாயங்காலம் எவன் நேரம் பாக்கப் போறான்'னாக."

தூக்கிய தாளை விரலால் நீவிவிட்டாள்.

"நான்தான் பாக்கப் போறேன்னு அவுகளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. சாயங்காலம் நாலே முக்காலுக்கு இங்கன நிப்பேன். எட்டு எழுவத்தி நாலுக்குப் பில்லு இருந்தா வண்டி. இல்லன்னா நான் கட்டுன அட்வான்ஸு. மதுரையிலும் இதே காரு விக்கான்."

*

சண்முகவேல் பதினொன்றுக்குக் கிளம்பிவிட்டான். "பஸ்ஸுல வந்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னான், அதுவும் கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டு.

அம்மாவும் மகளும் ஷோரூமுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். 

"அசிங்கமா இருக்குன்னு சொன்னேன்ல. கோவமாம்மா?"

"கோவம்தான். வடை வாங்கிக் குடு, போயிரும்."

பதினொன்றரைக்கு அருள்பாண்டி வேர்க்க விறுவிறுக்கச் சாலையைக் கடந்து வந்தான். கையில் புதுப் பில். முடியாது என்றவன், எட்டு எழுபத்து நாலுக்கு மொத்தமும் முடித்திருந்தான். பக்கத்துக் கார்க்காரர்கள் அடியில் கைவிட்டுத் தடவ ஆரம்பித்ததும் அவனுக்குச் சிஸ்டம் வழிக்கு வந்திருக்கிறது.

"வாங்கக்கா, இப்பவே எடுத்துருங்க. புண்ணியமாப் போகும்."

"யமகண்டம்லய்யா?" என்றாள் சொர்ணலட்சுமி. "நீங்கதான சொன்னீக?"

பிரீத்திகா வாயில் வடையோடு சிரித்துப் புரையேறினாள்.

பன்னிரண்டு தாண்டியும் அவள் அசையவில்லை. நாலே முக்காலுக்குத்தான் உள்ளே போனாள். மறுபடி சிவப்புப் பேனா, மறுபடி வரி வரியாக. வட்டம் ஒன்றுகூட விழவில்லை. கையெழுத்துப் போட்டாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அருள்பாண்டி ஜன்னல் பக்கம் குனிந்தான். காலையில் இருந்த சிரிப்பு இல்லை. மனுஷ முகமாக இருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. நாங்க எல்லார்கிட்டயும் கேப்போம், இல்லைங்கல. ஆனா இம்புட்டு ஏத்த மாட்டோம். முந்தாநாளு அண்ணாச்சிதான் போன் போட்டாக. 'எம்புட்டு ஏத்த முடியுமோ ஏத்து, நேரம் முடியுத வரைக்கும் பில்லைக் காட்டாத. மதினி யமகண்டம்னா பயப்படுவாக'ன்னாக."

சொர்ணலட்சுமி அவனைத் திட்டவில்லை. "நீ சொன்னதுக்கு நல்லா இரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள். 

*

சிவகாசி வந்து சேரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தொழிலாளர் வேன்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. ஹாரனை இரண்டு தரம் அடித்து, அச்சக வாசலில் காரை நிறுத்தினாள்.

யாரும் ஓடி வரவில்லை.

தாள் அடுக்குகிற முருகேஸ்வரி மட்டும் வாசலுக்கு வந்தாள். புதுக் காரைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"என்ன முருகேஸ்வரி?"

"அக்கா... சின்ன மொதலாளி மத்தியானமே வந்தாக. 'பில்லு ஏறிப்போச்சு, மதினி தோத்துட்டாக'ன்னு சொன்னாக. சாமி படத்தடியில இருந்த ஆல்பத்தை எடுத்துக்கிட்டாக. நாங்க கேட்டதுக்கு, 'பொம்பளைக வேலையைப் பாருங்க'ன்னுட்டாக."

"எங்க போறேன்னு சொன்னாக?"

"சாத்தூர்ல ஒரு கடை, கோவில்பட்டியில ரெண்டு கடை, ராத்திரி தூத்துக்குடியில தங்கலுன்னு போன்ல பேசுனாக."

சொர்ணலட்சுமி திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். பத்திரகாளி படத்தடியில் ஆல்பம் இருந்த இடம் காலியாக இருந்தது. அது இருந்த அடையாளமாய்க் கொஞ்சம் குங்குமம் சிந்திக் கிடந்தது.

முருகேஸ்வரி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள், புதுக் காரின் சாவியைச் சாமி காலடியில் வைப்பதற்கு. அதுதான் வழக்கம்.

சொர்ணலட்சுமி சாவியைக் கொடுக்கவில்லை. இஞ்சினையும் அணைக்கவில்லை. பைக்குள்ளிருந்த பில்லை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இதை அங்க வையி. எட்டு எழுவத்தி நாலு. நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் காட்டு."

பிறகு மகளைப் பார்த்தாள்.

"பிரீத்தி, பெல்ட்டைப் போடு."

"அம்மா... சாத்தூர் ரோடும்மா." பிரீத்திகாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "அப்பா நிறுத்துன எடத்தைத் தாண்டித்தாம்மா போகணும். எட்டு மாசமா பஸ்ஸுலகூட அந்தப் பக்கம் போகலயேம்மா நீ."

சொர்ணலட்சுமி கியரைப் போட்டாள். கை ஒரு தரம் வழுக்கியது. மறுபடி போட்டாள், விழுந்தது.

"தெரியும்" என்றாள். "அவுக நிறுத்துன எடத்துல நான் நிறுத்த மாட்டேன்."

பட்டு ரிப்பன் காற்றில் அடிக்க, புதுக் கார் சாத்தூர் சாலையில் திரும்பியது.

என் கண்ணுகளா, அவள் ஓட்டிக்கொண்டு போகட்டும். நாம் குறுக்கே பேச வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி வந்து நிற்கட்டும், காரோ சைக்கிளோ, உங்கள் கைக்கு அடங்கினது. அதில் ஏறிப் போனவர்கள் அத்தனை பேரும் போன முகத்தோடு திரும்பி வந்து இறங்கட்டும். உங்கள் கையெழுத்து நீங்கள் வாசித்த தாளில் மட்டும் விழட்டும். உங்கள் வீட்டுக் காலண்டரில் கிழிக்கிற ஒவ்வொரு தாளிலும் உங்களுக்கென்று ஒரு நல்ல நேரம் இருக்கட்டும். காலையில் தவறினால், சாயங்காலம்.